கோதிக் கதைகள்: செம்பூர்க் குறிப்பேட்டிலிருந்து

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற சரக்குக் கப்பலில் மதியம் புகை கிளம்பியது. மாலை 4.06-க்கு முதல் வெடிப்பு, அரைமணி கழித்து இரண்டாவது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியே அதைப் பதிவு செய்தது. செத்தவர்கள் 800 என்பார் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஏறக்குறைய 80,000 பேருக்கு வீடு போயிற்று. துறைமுகத்தைக் கோதி என்று சொல்லும் இந்த ஊர்க்காரர்கள், வயதானவர்களாக இருந்தால், இன்னும் கோதி வெடித்த வருஷத்தை வைத்து வயசைக் கணக்குப் பண்ணுகிறார்கள்.

*

செம்பூரில் பாஞ்சராபோள் சுரங்கம் தாண்டி ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறினால் வண்டி ஆரஞ்சு கேட்டில்தான் இறங்கும். வெடித்த இடம் அந்தப் பக்கம்தான். போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. விக்டோரியா டாக்கையும் பக்கத்து பிரின்சஸ் டாக்கையும் மண் கொட்டித் தூர்த்து, கன்டெய்னர் அடுக்கும் இடமாக்கிவிட்டார்கள்.

*

கப்பலில் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் ஏற்றியவை: 1,395 டன் வெடிபொருள். ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். 31 மரப்பெட்டிகளில், பெட்டிக்கு நாலு வீதம், தங்கக் கட்டிகள். ஒரு கட்டி பன்னிரண்டரை கிலோவுக்கு மேல்.

வழியில் கராச்சியில் ஏற்றியவை: 8,700 பேல் பஞ்சு. பீப்பாய் பீப்பாயாக எண்ணெய். மரம், கந்தகம், பிசின், அரிசி, மீன் உரம்.

மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தால் எங்கள் வீட்டுப் பாட்டி வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். இங்கே பஞ்சையும் எண்ணெயையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கியிருக்கிறார்கள். பஞ்சாப், சிந்துப் பஞ்சை ரயிலில் பம்பாய்க்கு அனுப்ப அப்போது தடை. வியாபாரிகளுக்குக் கடலை விட்டால் வழியில்லை. யுத்த காலத்தில் கப்பலில் காலி இடம் விட யாருக்கும் மனசில்லை.

*

முதல் வதந்தி ஜப்பான். விமானம் வந்து குண்டு போட்டது என்றார்கள். நீர்மூழ்கி உள்ளே நுழைந்துவிட்டது என்றார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடியது.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டிருந்தன. அந்த மாதம் மதராஸ் பாதி காலியானது. மறு வருஷம் அக்டோபரில் மதராஸ் மேலேயே குண்டு விழுந்தது. கோதி வெடித்த அதே நாளில் மணிப்பூரின் மொய்ராங்கில் நேதாஜியின் படை கொடியேற்றியது. இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டிருந்த ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் வேறென்ன செய்வான்?

வதந்திக்கு நெய் ஊற்றியது அரசாங்கம்தான். ஜப்பான் கையிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே, ஏப்ரல் 15 அன்று, வெடிப்பை விவரமாகச் சொல்லிவிட்டது. இங்கே தணிக்கை. மே இரண்டாவது வாரம் வரை பத்திரிகைகள் விவரம் எழுத முடியவில்லை. தன் தெருவில் நடந்ததை எதிரி வானொலி சொல்லித் தெரிந்துகொண்டவன் அடுத்து என்ன நினைப்பான்? ‘அவனுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது? செய்தவன் அவன்தான்.’ கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

*

இரண்டாவது கதை தங்க மழை. இதில் நிஜமும் உண்டு. கப்பலிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு பார்சிக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கட்டி வந்து விழுந்தது. மனுஷர் அதைப் பொறுப்பாகக் கொண்டுபோய் ஒப்படைத்தார். 1970-களில் தூர்வாரும்போதுகூடக் கட்டிகள் அகப்பட்டன. 2011-ல் வெடிக்காத குண்டு ஒன்று கிடைத்தது. தங்கம் கிடைத்தது ஊர் முழுக்கத் தெரியும். குண்டு கிடைத்ததை நான் சொன்னால் ‘அப்படியா?’ என்கிறார்கள்.

*

சீத்தா கேம்ப்பில் ஒரு பாய். ராமநாதபுரத்துப் பக்கம். கோதியில் மூட்டை தூக்கி, முகாதமாகி (கூலிகளுக்கு மேஸ்திரி), ஓய்வு பெற்றவர். மசூதித் தெரு டீக்கடையில் பிடித்தேன்.

“தம்பி, மஸ்தான் பாய் கோதிக்குக் கூலியா வந்தது எந்த வருஷம்?”

“நாற்பத்து நாலுன்னு சொல்றாங்க.”

“கப்பல் வெடிச்சது?”

“நாற்பத்து நாலு.”

“அப்புறம் என்ன கேக்குறீங்க?” டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரித்தார். அவரே நம்பவில்லை என்பது சிரிப்பில் தெரிந்தது. ஆனாலும் கதையை விட மனசில்லை. பனைக்குளத்துப் பையன் ஹாஜி மஸ்தான் பின்னாளில் கடத்தல் தாதாவாகிப் பம்பாயை ஆட்டிவைத்ததற்கு வானத்திலிருந்து ஒரு கட்டி விழுந்தது என்றால் சொல்ல நன்றாக இருக்கிறது. வருஷம் ஒத்துப்போனால் போதும், அதற்குமேல் வதந்தி சாட்சி கேட்காது.

*

மூன்றாவது கதை பீடி. இதுதான் கொஞ்சம் மரியாதை உடுத்திய கதை. விசாரணைக் குழு நாசவேலை இல்லை என்றது, பஞ்சில் யாரோ கவனமில்லாமல் போட்ட நெருப்பிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றது. சொல்லிச் சொல்லி அந்த ‘யாரோ’ கோதிக் கூலியாகி, அவன் விரலிடுக்கில் ஒரு பீடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. பாயிடம் இதைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. “பீடி பிடிச்சவன் கூலிதான். பஞ்சை ஏத்தச் சொன்னவன் யாரு?”

அந்தத் தெருவில் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அது.

*

தீ தெரிந்த மதியம் சுமார் இரண்டு மணி முதல் கப்பல் வெடித்த 4.06 வரை. இரண்டு மணி நேரம். கப்பலைக் கடலுக்கு இழுத்துப் போகலாம் என்றது ஒரு தரப்பு. நின்ற இடத்திலேயே மூழ்கடிக்கலாம் என்றது இன்னொன்று. தண்ணீர் அடித்தே அணைத்துவிடலாம் என்றது மூன்றாவது. கப்பல், துறைமுகம், ராணுவம், தீயணைப்பு என்று ஆளுக்கொரு அதிகாரம். ‘இதைச் செய்’ என்று எல்லோருக்கும் சேர்த்து உத்தரவிட ஒருவரும் இல்லை. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் உள்ளே போயும் எரியும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெடிபொருள் கப்பல் என்று காட்டும் சிவப்புக் கொடியும் கட்டியிருக்கவில்லை. பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்கள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பான் கதையிலும் தங்கக் கதையிலும் பீடிக் கதையிலும் இந்த இரண்டு மணி நேரம் வருவதே இல்லை.

*

காட்கோபரில் ஒரு கட்ச் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டிக்கு, அவர்கள் சொல்வதுபோல் பா-வுக்கு, இன்னொரு கப்பல். ‘வைதர்ணா’. மின்விளக்கு எரிந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் ‘விஜ்ளி’. 1888 நவம்பர் 8 அன்று மாண்ட்வியிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது, சௌராஷ்டிரக் கரையோரம் புயலில் காணாமல் போனது. கப்பலில் 700-க்கு மேற்பட்டவர்கள். ஒருவரும் மீளவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

குஜராத்தி நாட்டுப்பாடலில் அந்த எண்ணிக்கை 1,300-ஐத் தொடுகிறது. பதின்மூன்று கல்யாணக் கோஷ்டிகள் ஏறிக்கொள்கின்றன. ஹாஜி காசம் என்ற பெயர் கப்பலோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கீர் அவருக்கு 99 கப்பல் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தாராம், இதுதான் கடைசிக் கப்பலாம். பா இதைச் சொல்லும்போது கண் கலங்குகிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு ஒரு கிழவியை அழவைக்கிற பாட்டை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பிறகு நடந்த விசாரணை சொன்ன விஷயம், கப்பலில் போதுமான உயிர்காப்புச் சாதனங்கள் இல்லை என்பது, பாட்டில் எங்கேயும் இல்லை. பக்கீர் வாக்கு வந்தபின் படகுக் கணக்கை யார் கேட்பார்கள்?

*

டைட்டானிக்கும் அப்படியே. முழுகியது அது அல்ல, பெயர் மாற்றிய ‘ஒலிம்பிக்’ என்று ஒரு கூட்டம் இன்னும் வாதாடுகிறது. கடலடியில் கிடக்கும் சுழலியில் டைட்டானிக்கின் கட்டுமான எண் 401 இருப்பதைக் காட்டினாலும் ஒப்புவதில்லை. ஏறக்குறைய 2,200 பேருக்கு இருபதே படகு என்பதில் மர்மம் ஏதுமில்லை, அதனால் அதில் சுவாரசியமும் இல்லை.

*

நம் பங்குக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது, நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் அடிபட்டுத் தரைதட்டியது. அதில் விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அவர் அப்போது ஐரோப்பாவில் அரசியல் வேலையில் இருந்தவர். கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்த வதந்தி பழி போடவில்லை, நம் ஆள் ஒருவரை ஏற்றி உட்காரவைத்தது. அதனால்தான் இதைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை.

*

2018 ஆகஸ்ட் 8 பிற்பகல், மாஹுலில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வெடி. செம்பூரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் முதலில் நிலநடுக்கம் என்றார்கள். அடுத்து அணு ஆராய்ச்சி மையம். அடுத்து தீவிரவாதி. உண்மை கடைசியில்தான் வந்தது. தணிக்கை இல்லாத காலத்திலும் எதிரி முந்திக்கொள்கிறான், ஆலை கடைசி. அதற்குள் பாதிப்பேர் ஃபோனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

*

ஏப்ரல் 14 இந்தியா முழுக்கத் தீயணைப்புப் படையினர் நினைவு நாள். அன்று தொடங்கி ஒரு வாரம் பள்ளிகளில் ஒத்திகை, துண்டறிக்கை. அதே நாள் அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் செம்பூரில் நீலக்கொடி ஊர்வலமும் போகும். தீயணைப்பு வண்டிக்காரர்கள் பிள்ளைகளுக்கு 66 பேரின் வீரத்தைச் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். கூடவே அந்தச் சரக்குப் பட்டியலையும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். எதை எதோடு வைக்கக் கூடாது, ஆபத்து வந்தால் உத்தரவு யாருடையது என்று பிள்ளைகளையே கேட்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லிவிடும். 1944-ல் பெரியவர்கள் சொல்லத் தவறியது அந்தப் பதிலைத்தான்.