தேக்கடித் துறையில் ஒரு பகலுணவு

இரயில் எட்டாத இடுக்கி மாவட்டத்துக்குப் பாலக்காட்டிலிருந்து குடும்பத்துடன் பேருந்தில் சென்றிருந்தோம். தேக்கடியில் படகைவிட்டு இறங்கியதும், துறையருகே ஒரு சிறு உணவுக்கடையில் அமர்ந்தோம். மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வந்தன. காரம் சற்று மிகுதிதான். ஆயினும் இலையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எதிரே, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்றணையின் நீரில் அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் கறுத்து நிற்கின்றன.

பரிமாறிய அம்மையார் கம்பத்துக்காரர். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி, இங்கேயே தங்கிவிட்டவராம்.

"இந்தத் தண்ணி மலையைக் குடைஞ்ச வழியா எங்க ஊரு வயலுக்குப் போயிருது, தம்பி. நான்தான் போகலை" என்றார்.

என் மனைவி உண்பதை நிறுத்தினாள். நாங்களும் தஞ்சைக்குப் போய் நான்கு ஆண்டுகளாகின்றன.

பணம் கொடுக்கையில், குழந்தைகளின் கிழங்குக்கு அவர் கணக்கிடவில்லை.