தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகாதபோது

நம் வீடுகளில் யாராவது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்தால், பெரியவர்கள் உடனே சொல்வது 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பதுதான். ஆறுதல் தரும் பழமொழி. ஆனால், தலையில் பட்ட அடிக்கு இது எப்போதும் பொருந்தாது என்பதை 2023-ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டது. நான் மருத்துவ மாணவி அல்லள், கணக்கியல் படிப்பவள். இருந்தாலும், அன்று நாங்கள் அறிந்துகொண்டது நம் எல்லார் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் இவ்வாண்டு மலரில் எழுதுகிறேன்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்த நேரம். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் திரும்பிய அண்ணன், தாமான் முச்சந்தியில் சிதறிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தார். தலைக்கவசத்தின் வார் தளர்வாக இருந்ததால் அது கழன்று ஓடிவிட்டது. நெற்றிப் பொட்டின் ஓரம் சாலையில் மோதியது. ஆனால் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மைலோ குடித்தார். வண்டியின் கண்ணாடி உடைந்துபோனதற்காக வருத்தப்பட்டார். பிறகு, தூக்கம் வருகிறது என்று படுத்துவிட்டார். இரவு முழுவதும் வேலை செய்தவர் தூங்குவதில் என்ன வியப்பு?

பாட்டி மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாது என்பது அவருடைய தோட்டத்துக் காலத்து நம்பிக்கை. அடிக்கடி அண்ணனைத் தட்டி எழுப்பிப் பேச்சுக் கொடுத்தார். முதல் இரண்டு முறையும் அண்ணன் எரிச்சலோடு பதில் சொன்னார். அதற்குப் பிறகு வாந்தி எடுத்தார். அடுத்த முறை பாட்டி எழுப்பியபோது கண் திறக்க வெகுநேரம் ஆனது. சொன்ன பதிலும் கேள்விக்குப் பொருந்தவில்லை. பாட்டி அம்மாவைக் கூப்பிட்டு, "இது தூக்கம் இல்லம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தவுடன் அறுவைச் சிகிச்சை என்றார்கள். மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார்; ஆனால் மலாய் மொழியில். அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். 'செலாப்புட் ஓத்தாக்' என்ற சொல் அவருக்கு எப்படிப் புரியும்? அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, மூளையையா வெட்டப் போறாங்க?" என்று கேட்டார். கையில் ஒப்புதல் பாரம். அண்ணனை உள்ளே கொண்டுபோக ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். மூளை, நரம்பு என்ற சொற்கள் அங்கிருந்து வந்தவை. ஆனால் உயிரியலை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்ததால், மூளையைச் சுற்றி மூன்று உறைகள் இருப்பதைத் தமிழில் சொல்லிப் பழகியதே இல்லை. சட்டென்று தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. "இல்லம்மா. தேங்காய்க்கு ஓடு இருக்குல்ல, அதுதான் மண்டை ஓடு. உள்ளே பருப்பை ஒட்டி ஒரு தோல் இருக்குல்ல, அதுதான் மூளையோட உறை. ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கிச்சு. ஓட்டைத் திறந்து ரத்தத்தை எடுப்பாங்க. பருப்பை வெட்ட மாட்டாங்க" என்றேன். அம்மா கையெழுத்துப் போட்டார்.

பின்னர்தான் இதைப் பற்றி நிறைய வாசித்தேன். நெற்றிப் பொட்டில் மண்டையோடு மெல்லியதாக இருக்கிறது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு விரிசல் கண்டால் அந்தத் தமனி கிழிந்து, எலும்புக்கும் வெளி உறைக்கும் இடையே இரத்தம் தேங்கத் தொடங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே தேங்கும் இரத்தம் மூளையைத்தான் அழுத்தும். தொடக்கத்தில் இரத்தம் குறைவாக இருக்கும்போது அடிபட்டவர் நன்றாகவே பேசுவார், நடப்பார். இந்தத் தெளிவான இடைவேளைதான் நம்மை ஏமாற்றுகிறது. 2009-ஆம் ஆண்டு, கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் நலமாகவே பேசிக்கொண்டிருந்தார். முதலில் வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு நாள்களில் அவர் இறந்தார். காரணம் இதே வகை இரத்தக்கசிவுதான். இரத்தத்தை உரிய நேரத்தில் வெளியேற்றிவிட்டால் முழுமையாகக் குணமடைபவர்கள் பலர். இடையிலே நிற்பது நேரம் ஒன்றுதான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு நிகழ்ச்சி. தாதி ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வந்து அண்ணனைச் சோதித்தார். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. குறைந்தது 3, நிறைவானது 15. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. தாதி மலாயில் கேட்டார்: பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள்? அண்ணன் மலாயில் சரளமாகப் பேசுபவர்தான். ஆனால் மயக்கம் தெளியும் அந்த வேளையில் அவர் வாயில் வந்தது தமிழ். "ஆஸ்பத்திரி. தண்ணி வேணும். பாட்டி எங்க?" என்றார். பொருளற்ற சொற்களா, பொருளுள்ள பேச்சா என்று தாதிக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்ததும் மலர்ந்த முகத்தோடு, "மாதம், நாள் எல்லாம் தமிழிலேயே கேளுங்கள்" என்றார். கேட்டேன். அண்ணன் சொன்னார். தாதி தாளில் எண்ணை எழுதினார்.

மொழி என்பது மேடைக்கும் போட்டிக்கும் உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஒருவருடைய மூளை எந்நிலையில் இருக்கிறது என்பதை அறியவும் அது வேண்டும் என்பதை அந்த வார்டில்தான் உணர்ந்தேன்.

அண்ணன் மூன்று மாதங்களுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். நீண்ட நாள் தலைவலி இருந்தது. இரைச்சல் கேட்டால் கோபம் வந்தது. இப்போது நலம். தலைக்கவசத்தின் வாரை அம்மாவே இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார். நம் நாட்டில் 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் வாரைப் பூட்டாத கவசம் தலையில் வைத்த தொப்பிதான். இன்றும் சாலையில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே.

பாட்டியின் நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூக்கம் அடிபட்டவருக்குக் கேடு செய்வதில்லை. எழுப்பினால் எழ முடியாமல் போவதுதான் ஆபத்து. காரணம் சரியோ தவறோ, பாட்டி விடாமல் எழுப்பிப் பார்த்ததால்தான் மாற்றம் தெரிந்தது. கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது; 999-ஐ அழைக்க வேண்டும். விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலோ, கால் மரத்துவிட்டது என்றாலோ தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. தண்டுவடத்தில் காயம் இருந்தால் அசைவு அதை மோசமாக்கிவிடும்.

தலையில் அடிபட்டவரோடு வீட்டில் விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒரு தாயோ பாட்டியோதான். அவருக்குத் தெரிந்த மொழியில் இந்த அறிகுறிகள் எழுதப்பட்டிருக்க வேண்டாமா? நம் கழகத்தில் மருத்துவம் பயிலும் நண்பர்களும் இருக்கிறார்கள், நல்ல தமிழ் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் ஒரு மாலை கூடி அமர்ந்தால் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்டு, விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் இரண்டு படிகளை எடுத்துச் செல்லலாம். ஒன்று வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவதற்கு. மற்றொன்று பக்கத்து வீட்டுக்கு.