சிவப்பும் பச்சையும்

நம்மிடம் மோட்டார் வண்டி இருக்கிறதென்று சொன்னதும் நேயர்கள் நம்மைத் தனவந்தர் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு எந்தக் காலத்தில் தனம் சேர்ந்தது? மாமனார் ஓட்டித் தேய்த்துவிட்டு நமக்கு அளித்த கிழ வண்டி அது. பாயிண்டும் காயிலும் உள்ள பழைய மாதிரி.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, தாயாரைப் பூந்தமல்லி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுகையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி அது நின்றுவிட்டது. தூறல் வேறு. தாயாரோ பின் ஆசனத்தில் மூச்சு வாங்க இருமிக் கொண்டிருந்தார். அவரை ஓர் ஆட்டோவில் இல்லாளுடன் அனுப்பிவிட்டு, மூன்று நாள் முன்பு பாயிண்ட் சுத்தம் செய்து கொடுத்த மெக்கானிக் இளைஞனைக் கூப்பிட்டோம். நனைந்துகொண்டே வந்தான். வந்தவனை, டீக்கடையில் பத்துப் பேர் பார்த்திருக்க, "வேலை தெரியாதவனெல்லாம் ஏன் தம்பி தொடுகிறாய்?" என்று கேட்டுவிட்டோம்.

"பாயிண்ட் சரியாத்தான் வெச்சேன், சார்" என்றான். இங்கும் அங்கும் கம்பிகளை அசைத்தான், வண்டி கிளம்பிற்று. கூலி வாங்காமல் போய்விட்டான். ஏன் நின்றது, ஏன் கிளம்பிற்று என்பது அவனுக்கும் தெரியாது, பௌதிகம் படித்துப் பட்டம் பெற்ற நமக்கும் தெரியாது. அது உறுத்திற்று. அந்த ஏரிக்குக்கூட நிறைமட்டம் 24 அடி என்று கணக்கு வைத்து அளவு பார்க்கிறார்கள். கரையில் நின்று குத்துமதிப்பாய்ச் சொல்வதில்லை.

1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த ஏற்பாடு மிக எளியது. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலுக்குள் புகுந்து பாயிண்ட் வழியே எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் அறுபட்டு, காயிலின் மறு சுற்றில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பொறி தெறிக்கிறது. இந்தச் சாமான்களெல்லாம் ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவை. 1961-இல் ஏற்பட்ட லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை நமக்கு அருகே பாடியிலேயே இருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சாவியிலிருந்து மின்சாரம் வந்து சேரும் காயில் முனையில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு; பாயிண்டுக்குப் போகும் முனையில் ஒரு பச்சை. இரண்டுக்கும் மறு நுனி எர்த்து. ஒவ்வொன்றுக்கும் 1,000 ஓம் ரெஸிஸ்டர். பாயிண்ட் மூடினால் பச்சை அணையும், திறந்தால் எரியும். ஆகவே ஸ்டார்ட்டர் சுழலும்போது அது சிமிட்ட வேண்டும். சிவப்பு எரியாவிட்டால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. சிவப்பு இருந்து பச்சை விடாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது அழுக்கு. சிவப்பு இருந்து பச்சை அடியோடு இருண்டால் பாயிண்ட் திறக்கவில்லை, கண்டென்ஸர் உள்ளே ஒட்டிக்கொண்டது, அல்லது காயில் அறுந்தது. பச்சை ஒழுங்காகச் சிமிட்டியும் வண்டி கிளம்பாவிட்டால் ரோட்டார், பிளக் பக்கம் போகலாம்.

முதல் பச்சை விளக்கு அற்பாயுளில் மாண்டது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த முனையிலும் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பி, திசை மாறி மாறி அதிர்கிறது. எதிர்த் திசையில் ஐந்தாறு வோல்ட்டுக்கே எல்.இ.டி. தாங்காது. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதியவர் நாமே! விளக்குக்குக் குறுக்கே எதிர்முகமாக ஒரு டையோடு வைத்த பிறகு இரண்டாவது பிழைத்தது.

விளக்குகளை ஸ்டியரிங்குக்கு அருகே பொருத்தி நான்கு நாள் ஓட்டினோம். ஐந்தாம் நாள், அதே ஏரிக்கரைச் சாலையில் ஒரு பள்ளம். வண்டி திணறிற்று, சிவப்பு அணைந்தது. பாயிண்ட் அல்ல, காயில் அல்ல. சாவிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தோம். கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுவதற்காகச் சித்திரையில் ஒரு கம்பி பிரித்து, வெறுமே முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. அது நம் கைவேலை.

மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போனோம். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். டீக்கடைக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னோம். தப்பு நம்முடையது என்று. அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு விளக்குகளையே பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா, சார்?"

கடித்துக்கொள்ளும் கிளிப்புகள் வைத்து ஒன்று செய்து கொடுத்தோம். கம்பிகளை முறுக்கியிருக்கிறோமா, ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறோமா என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.