ஓர் உயிர்ப்புள்ளி

மந்திரவாதி வளர்க்கும் ஆந்தைக்கு அந்த விளையாட்டில் ஒரேயொரு உயிர்ப்புள்ளிதான் உண்டு. ஒரு கல் பட்டால் போதும், அதன் கணக்கு முடிந்துவிடும். இருந்தும் சண்டை என்று வந்தால் அதைவிடப் பயனுள்ள பிராணி வேறில்லை என்று என் ராத்தாவின் மகன் அடித்துச் சொல்கிறான். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கெரி கைகெக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டது. அதை இப்போது எங்கள் வவுனியா வீட்டு விறாந்தையில் நாலு பிள்ளைகள் பாய் விரித்து விளையாடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகக் கட்டை தீர்மானிக்கும். தாயமும் நாடகமும் கலந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். கட்டைக்குப் பதிலாக கைத்தொலைபேசியே எண்ணை உருட்டிக் கொடுக்கிறது. "இது சூனியம் கீனியம் இல்லையே?" என்று உம்மா ஒருநாள் கேட்டார். "இல்ல மூத்தம்மா, கணக்கு" என்றான் பேரன். பாதி உண்மைதான்.

அந்த ஆந்தையைப் பிள்ளைகள் 'ஃபெமிலியர்' என்கிறார்கள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. குறளி என்ற சொல் நம்மிடம் பழையது: மந்திரவாதி ஏவியதைச் செய்துவிட்டு வரும் சின்னஞ்சிறு பேய்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, குறளியால் யாரையும் தாக்க முடியாது. கொத்தவும் கூடாது, கீறவும் கூடாது. ஆனால் எதிரியின் முகத்துக்கு நேரே பறந்து அவன் கவனத்தைக் கலைக்கலாம். அப்படிக் கலைத்தால், கூட்டாளி வாளை ஓங்கும்போது கட்டையை இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பிராணிகள் எதிரியை விட்டு விலகும்போது ஒரு வெட்டு வாங்க நேரும். ஆந்தைக்கு அந்த ஆபத்தில்லை. வந்த வேகத்திலேயே மேலே போய்விடும். தொட்டால் மட்டும் பலிக்கும் மந்திரத்தை நூறடி தள்ளி ஒளிந்திருந்தபடி அதன்மூலம் எதிரிமேல் இறக்கலாம். அதே நூறடிக்குள் அதன் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். நிலைமை மோசமானால் அதை வேறோர் உலகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். பொடியன்கள் இதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார்கள். இருட்டறை என்றால் முதலில் ஆந்தை. பாலம் என்றால் முதலில் ஆந்தை. பொறி வைத்த படி என்றாலும் முதலில் ஆந்தை.

செத்தால்? பத்துப் பொற்காசுக்குக் கரியும் சாம்பிராணியும் மூலிகையும் வாங்கி, ஒரு மணித்தியாலம் எரித்து மந்திரம் சொன்னால் திரும்ப வந்துவிடும். 2024இல் திருத்திய பதிப்பிலும் அதே பத்துக் காசுதான். 2022க்குப் பிறகு இந்த நாட்டில் விலை ஏறாத பொருள் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பழைய விதிகள் இப்படி இருக்கவில்லை. 1978இல் வந்த புத்தகத்தில், குறளி கொல்லப்பட்டால் அதன் உயிர்ப்புள்ளிகளைப் போல இரு மடங்கை எஜமான் நிரந்தரமாக இழப்பான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ, எஜமான் சேர்த்து வைத்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போகும். ஓராண்டும் ஒரு நாளும் கழியும்வரை இன்னொரு குறளியை அழைக்கவும் முடியாது. துக்கம் காப்பதைப் போன்ற விதி அது. பிறகு வந்தவர்கள் விளையாட்டு இலகுவாக ஓட வேண்டுமென்று அதை எடுத்துவிட்டார்கள். விளையாட்டு இலகுவாகியதென்னவோ உண்மை. ஆனால் ஏவுகிறவனுக்கு எந்த இழப்பும் இல்லையென்றானபின் அந்த ஆந்தை உயிரா, அம்பா?

என் மூத்தம்மாவுக்கு இந்தப் புத்தகங்கள் எதுவும் தெரியாது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டுத் துரத்தப்பட்டபின், புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் விளக்கை அணைத்துவிட்டு அவர் குறளிக் கதை சொல்லுவார். அவருடைய குறளிக்கு நாள் தவறாமல் சோறு வைக்க வேண்டும். அனுப்பிய வேலை முடியாமல் போனால் அது நேரே ஏவினவனிடம்தான் திரும்பி வரும். "ஏவினவன்ட வாசல அது மறக்காது மனே" என்பார். 1978ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு மிகவும் கிட்டிய கருத்து.

வன்னியில் இது கதையோடு நிற்கிற விஷயமல்ல. நாநா 2011இல் முல்லைத்தீவுக் காணியைப் பார்க்கப் போனபோது, "மாடு போன தடத்தில நடவுங்கோ" என்றுதான் அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை மாட்டுக்கு விளங்காது. அது போய்த் திரும்பி வந்தால் வழி நல்ல வழி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் த்ரிஷாந்த நாணயக்கார என்ற ஆய்வாளர், ஒரு கீரியைச் சிறிய றோபோவோடு பிணைத்து மிதிவெடி தேடப் பழக்கினார். வெடிமருந்தை மோப்பம் பிடித்தால் கீரி எழுந்து உட்காரும். அந்தக் கீரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆந்தைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் முகமாலையில் பெரும்பாலும் மனிதர்களே, அதிலும் பல பெண்கள், முழந்தாளில் இருந்து நீள்பிடி வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெடியை எடுத்தார்கள்.

அப்படி வேலை செய்த ஒருவரின் மகள் எங்கள் அயல்வீட்டில் தன் அம்மம்மாவோடு இருக்கிறாள். வயது பதின்மூன்று. விளையாட்டில் மந்திரவாதி அவள்தான், ஆந்தையும் அவளுடையது.

போன விடுமுறையில் ஒரு நிலவறைப் படிக்கட்டு வந்தது. "ஆந்தைய விடு, செத்தாப் பத்துக் காசுதானே" என்றார்கள் பொடியன்கள். அவள் மருமகனைப் பார்த்து, "சாமான் பட்டியலில பத்தடிக் கம்பு இருக்கெல்லோ அண்ணா? அதால தட்டித் தட்டி நான் போறன்" என்றாள். ஒரு படிக்குப் பத்து நிமிடம் ஆகும், சத்தத்துக்கு எதிரி வருவான் என்று அவன் எச்சரித்தான். "வரட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்ல."

எதிரி வரவே செய்தான். குள்ளப் பூதங்கள் ஐந்து, இரண்டின் கையில் வில். வாள்வீரன் விழுந்து கிடந்தான். மற்றவனுக்கு ஒரு வெட்டாவது விழுந்தேயாக வேண்டும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆந்தை போகுது" என்றாள். அது தலைவனின் முகத்துக்கு முன்னால் சிறகடித்தது. கூட்டாளி இரண்டு தரம் உருட்டினான்: மூன்று, பதினெட்டு. தலைவன் சாய்ந்தான். மேலே எழுந்த ஆந்தையை அடுத்த முறையில் ஓர் அம்பு எடுத்தது.

சண்டை முடிந்ததும் பொடியன்கள் பத்துக் காசை எண்ணி வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. பழைய புத்தகத்தின் விதியை நான் முன்பு அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

"மாமா, இரு மடங்கெண்டால் ரெண்டுதானே?"

"ஓம், ரெண்டு. ஆனா அது பழைய விதி பிள்ளை."

தன் தாளில் இருந்த ஏழை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள்.