வேர் காணாத கருனி

தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் கல்வெட்டின் முன் நாம் ஒன்றை வலியுறுத்துவதுண்டு: தெரிகிற எழுத்தை மட்டும் முதலில் படியுங்கள், ஊகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கணினித் திரைக்கும் இது பொருந்துமென்பதைச் சென்ற கோடையில் கண்டோம்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவரொருவர் பெற்ற இயந்திரம் இன்று நம் துறையில் உழைக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் முன்பு இருந்தது. இப்போது அதன் மூலமாகிய டெபியன். செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களின் குரல்பதிவுகள் அதில் உள்ளன. பாடியவர்களுள் இருவர் இன்று இல்லை. எல்லாப் பதிவுக்கும் மறுபடி எடுக்கப்படவில்லை.

மென்பொருள் புதுப்பிப்பு முடியும் தறுவாயில் மின்சாரம் நின்றது. முதிர்ந்த மின்கலம் ஒரு நிமிடமும் தாங்கவில்லை. மீண்டும் இயக்கியபோது கரிய திரையில், ‘விஎப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் (0,0)’. பழுது பார்க்கும் கடையில், “வட்டு போய்விட்டது சார், பார்மட் அடித்துவிடலாம்” என்றனர். நாம் இசையவில்லை. அந்த வாசகத்தில் ‘போய்விட்டது’ என்ற சொல்லே இல்லையே!

அது சொல்வது இவ்வளவே: வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை. கெர்னல் எனப்படும் கருனிக்கு ஒரு விந்தையான இக்கட்டு உண்டு. வட்டைப் படிக்க அதற்கு இயக்கிநிரல் தேவை; அந்நிரலோ பெரும்பாலும் வட்டிலேயே கிடக்கிறது. பெட்டியின் திறவுகோல் பெட்டிக்குள் இருப்பதுபோல. ஆதலின் இனிட்ராம்எப்எஸ் என்னும் சிறு தொகுப்பை கிரப் முதலில் நினைவகத்தில் இறக்கிவிடுகிறது. தற்காலிக வேராக நின்று, யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணைக் கொண்டு உண்மையான வேரைத் தேடிக் கொடுப்பது அத்தொகுப்பே. அது சிதைந்தால் கருனி தனித்து நிற்கும். அந்த எண்ணின் பொருளும் அதற்குத் தெரியாது.

அடைப்புக்குறிக்குள் இருந்த இரு சுழியங்களே நமக்குத் துணையாயின. (8,1) என்றிருந்தால் முதல் வட்டின் முதற்பகுதி இன்னதென அறிந்தும் அதன் கோப்பு முறைமையை ஏற்க இயலவில்லை என்று கொண்டு, வட்டின் நலம் குறித்து அஞ்சியிருப்போம். (0,0) என்பதோ எந்தச் சாதனமும் அடையாளம் காணப்படவில்லை என்பது. தேடுபவனே வழியில் நின்றுவிட்டான். தேடப்பட்டதைப் பற்றி அங்கே ஒரு செய்தியும் இல்லை.

கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்தோம். பழைய கருனி அங்கிருந்தது. அதைத் தேர்ந்ததும் இயந்திரம் எழுந்தது! அதுவும் இல்லாதிருப்பின் வெளியிலிருந்து பென்டிரைவ் வழியே இயக்கி உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

முதல் வேலையாகக் குரல்பதிவுகளை வெளிவட்டுக்குப் படியெடுத்தோம். இதை முடிக்குமுன் எதையும் திருத்தத் தொடங்குவது நமக்கு ஒப்புதலில்லை. பிறகு பூட் கோப்புறையைப் பார்த்தால், புதிய கருனியின் தொகுப்பு பழையதினும் வெகு சிறிதாய், பாதி எழுதியபடி கிடந்தது. நின்றுபோன நிறுவலை ‘டிபிகேஜி’ கட்டளையால் நிறைவுசெய்து, ‘அப்டேட்-இனிட்ராம்எப்எஸ்’ கொண்டு தொகுப்பைப் புதிதாக ஆக்கி, ‘அப்டேட்-கிரப்’ இட்டோம். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று மாலை பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மறைந்த வாத்தியார் கட்டியங்காரன் வரவைத் தொடங்குமுன் இருமி, “மைக் கேட்குதா தம்பி?” என்று கேட்பதும் அப்படியே இருந்தது.