எங்க அப்பாரோட வின்செஸ்டர்

பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்கு வின்-94 தெரிந்திருக்கும். மிராமர் மேப்பில் கிடைக்கும் பழங்காலத்துத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்டதும் விசையைச் சுற்றி இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுக்கணும். தோட்டாவையும் ஒன்றொன்றாகத்தான் உள்ளே தள்ளணும். எம்416 கைக்கு வந்த அடுத்த நொடி எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஹாஸ்டலில் அதைப் பிடிவாதமாக வைத்துச் சுற்றுகிறவனுக்குப் பட்டப்பெயரே 'முரட்டுச் சிங்கம்'. 2010-ல் வந்த படத்தில் லாரன்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு வருவாரே, அந்தச் சிங்கம்.

அந்த வின்-94-க்கு இரண்டு வயது மூத்த அண்ணன் எங்கள் சாளையில் இருக்கிறது என்று முதல் வருஷம் சொன்னபோது ரூமில் ஒருத்தனும் நம்பவில்லை. வின்செஸ்டர் மாடல் 1892. எங்க அப்பாரோடது. அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. சென்னைப் பசங்களுக்காகச் சொல்கிறேன், கோயமுத்தூர்ப் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பவானிசாகருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வடக்கே பார்த்தால் மலை. இப்போது அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-ல்தான் அந்தப் பெயர் வந்தது. 1966-ல் கோத்தகிரியிலிருந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்துத் துரை சாமான்களை விற்றபோது அப்பாரு இதை வாங்கினார். 450 ரூபாய். அப்போது அவருக்கு 25 வயது. அந்தக் காசுக்கு ஒரு எருது வாங்கியிருக்கலாம் என்று ஆத்தா இன்றைக்கும் கணக்குச் சொல்லும். 20 அங்குலக் குழல், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இடது பக்கம் ஒரு இரும்பு வளையம் தொங்கும். குதிரைச் சேணத்தில் மாட்டிக்கொள்வதற்கானது அது. எங்கள் வீட்டில் அந்த வளையத்தில் மஞ்சள் கயிறுதான் கட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார், மண்வெட்டி வரிசையில் இதற்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மறுநாள் காலையில் அப்பாரு முதல் வேலையாகச் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் போடுவார். ஈரம் ஆகாதாம்.

நான் மெக்கானிக்கல். நாலாவது செமஸ்டரில் கைனமேட்டிக்ஸ் படித்தபோது ஃபோர்-பார் லிங்கேஜுக்குப் புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் எதுவும் மண்டையில் ஏறவில்லை. லீவு விட்டதும் ஊருக்குப் போய் அப்பாருவிடம் கேட்டேன். அவர் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் கையில் கொடுத்தார். மெதுவாக, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக லீவரை இறக்கிப் பார்த்தேன்.

முதலில் போல்ட் நகராது. அதன் இரண்டு பக்கமும் பூட்டு மாதிரி நிற்கும் இரண்டு இரும்புக் கட்டைகள் மட்டும் கீழே இறங்கும். பூட்டு விலகிய பிறகுதான் போல்ட் பின்னால் வரும். வரும் வழியில் குதிரையை மடக்கி நிறுத்தும். காலித் தோட்டாவைக் கவ்வி இழுத்து மேல்பக்கமாக எறியும். குழலுக்குக் கீழே ஒரு நீளமான டியூப். அதிலிருந்து ஸ்பிரிங் தள்ளிவிட்ட அடுத்த தோட்டா ஒரு சின்னத் தொட்டிலில் வந்து படுத்திருக்கும். லீவர் கடைசி வரைக்கும் போகும்போது தொட்டில் மேலே எழும்பும். லீவரைத் திரும்ப மேலே இழுத்தால் போல்ட் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும், தொட்டில் இறங்கும், பூட்டுக் கட்டைகள் ஏறும். ஒரே ஒரு கை அசைவில் இத்தனையும் சரியான வரிசையில். ஒன்று முந்தினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். சென்சார் இல்லை, புரோகிராம் இல்லை, வரிசை முழுக்க இரும்பின் வடிவத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அன்றைக்கு அறுபது தடவையாவது இழுத்திருப்பேன். 'போதும் கண்ணு, குதிரையைச் சும்மா விடாதே, கைல புடிச்சு எறக்கு' என்றார் அப்பாரு.

இதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். 1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் பிறந்தவர், துப்பாக்கி செய்து பழுது பார்ப்பவரின் மகன். இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் போனதில்லை. நம்ம ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. பிரவுனிங் 1886-ல் பெரிய தோட்டாக்களுக்குச் செய்த பூட்டைத்தான் சின்னதாக்கி 1892-ஐச் செய்தார். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நம்பரை வைத்துத் தேடியதில் எங்களுடையது 1909-ல் செய்தது என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் இவ்வளவு வயதான, இன்னும் வேலை செய்கிற இயந்திரம் வேறு எதுவும் இல்லை.

ஊரில் ஒரு கதை உண்டு. அப்பாரு இதை வைத்துப் புலி அடித்தார் என்று. சின்ன வயசில் நானும் ஸ்கூலில் அளந்துவிட்டிருக்கிறேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதற்கான .44-40 தோட்டாவின் குண்டு சுமார் 13 கிராம், வேகம் நொடிக்கு 380 மீட்டர் வாக்கில். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 940 ஜூல். மானுக்கும் பன்றிக்கும் போதும், அதுவும் கிட்டத்தில்.

இதே வின்செஸ்டர் லீவர் குடும்பத்தில் நம் பக்கத்துக் காடுகளில் நிஜமாகவே புலிக்கு எதிரே நின்ற துப்பாக்கி வேறு. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையிலிருந்த மாடல் 1895. பெங்களூர்க்காரர். தமிழும் கன்னடமும் பேசுவார். அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவின் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி நடந்தவர். அவர் பயன்படுத்திய .405 தோட்டாவின் குண்டு 19.4 கிராம், வேகம் 670 மீட்டர். கணக்கு 4,350 ஜூலுக்குப் போகிறது. எங்களுடையதைப் போல நாலரை மடங்கு. 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு 'மருந்து' என்று சொல்லி வைத்திருந்ததும் இதே ரகம்தான்.

1895-ல் பிரவுனிங் குழலுக்குக் கீழிருந்த டியூபையே எடுத்துவிட்டார். டியூபில் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருக்கிறதன் மூக்கு முன்னால் இருக்கிறதன் அடிப்பாகத்தைத் தொடும். வெடிக்க வைக்கும் சின்னக் குப்பி இருப்பது அந்த அடிப்பாகத்தின் நடுவில். மூக்கு கூர்மையாக இருந்தால், சுடும்போது வருகிற உதைப்பில் உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால்தான் எங்கள் துப்பாக்கியின் குண்டுகள் மூக்கு தட்டையாக இருக்கின்றன. 1895-ல் தோட்டாக்கள் ஒரு பெட்டிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மையான, பலமான தோட்டா போடலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டியபோது அப்பாரு சிரித்தார். 'புலியா? நான் ஒருக்கா ரோட்டோரத்துல அதும் வாலைப் பாத்தேன், அவ்வளவுதான். இதுல அடிச்சதெல்லாம் சோளக்காட்டுல வந்த பன்னி.' 1966-லிருந்து ஆறு வருஷம். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு அவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு இந்தத் துப்பாக்கி ஒரு உயிர்மேலும் சுட்டதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் அதற்குச் செய்தது எண்ணெய் போட்டதும் லைசென்ஸ் புதுப்பித்ததும் மட்டும்தான். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். மலையில் வீரப்பனைத் தேடிய வருஷங்களில் அது வீட்டில் இருந்த நாளைவிட ஸ்டேஷனில் இருந்த நாள்தான் அதிகம். திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் குழலுக்குள் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாராம்.

அமெரிக்காவில் 1898-க்குள் செய்த 1892 என்றால் பழம்பொருள் கணக்கு. அங்கே ஒருத்தரே இருபது முப்பது சேர்த்து, சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்கிறார்கள். வீடியோக்கள் பார்த்தால் வயிறு எரியும். இங்கே 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. முன்பு மூன்று. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சண்டை வந்தால் அரிவாள் எடுக்கிற ஊரில் அத்தனை பேர் வீட்டிலும் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கே பயமாக இருக்கிறது. சேகரிப்பது என்கிற பொழுதுபோக்கு நம் நாட்டில் இரண்டோடு முடிகிறது, அவ்வளவுதான்.

தோட்டாவும் அப்படித்தான். அப்பாருவிடம் மிச்சம் இருப்பது பதினொன்று. பித்தளை கறுத்துப் போன பதினொன்று. கோவையில் ஒரு கடையில் கேட்டதற்கு, .315 வேண்டுமானால் பார்க்கலாம், இந்தப் பெயரையே கேட்டு வருஷமாச்சு என்றார்கள்.

ஆக, நான் இதைச் சுட்டதில்லை. நான் சுட்டது என்சிசி கேம்ப்பில் .22 மட்டும். குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு. அப்படிப் படுத்தபோதுதான் ஒன்று புரிந்தது: இந்த நிலையில் லீவரைக் கீழே தள்ளவே முடியாது, கை மண்ணில் இடிக்கும். பெரிய ராணுவங்கள் லீவரை விட்டுவிட்டு போல்ட் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கும், காட்டில் நின்று சுடுகிறவனுக்கும் ஏற்ற இயந்திரம் இது.

ஜனவரியில் எனக்கு 21 முடிந்தது. நம் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க அதுதான் குறைந்தபட்ச வயசு. பொங்கலுக்குப் போனபோது அப்பாரு நேராகவே கேட்டார்: 'எனக்கு 84 ஆச்சு கண்ணு. கண்ணும் மங்குது. இதை உம்பேருக்கு மாத்திக்கறயா?'

அவர் அப்பாவைக் கேட்கவில்லை. அப்பா ஃபவுண்டரியில் வேலை, இரும்பைக் கண்டாலே அலுப்பு. அப்பாவின் யோசனை டீலரிடம் கொடுத்துவிடுவது. மாமாவின் யோசனை குழலை வெல்டு அடித்து ஷோகேஸில் வைப்பது. அப்பாரு அதைக் கேட்டுவிட்டு எழுந்தே போய்விட்டார். சித்தப்பா பையன், 'ஆர்.எஸ்.புரம் காஸ் மியூசியத்துக்குக் குடுத்துருங்க' என்றான். 1902-லிருந்து இருக்கிற வன அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகளுக்குப் பக்கத்தில் துப்பாக்கியையும் வைத்தால் கதை முழுசாகிவிடும்தான். ஆத்தாவின் கவலை வேறு: 'துப்பாக்கி வெச்சிருக்கற வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' உனக்குக் கொடுத்தாங்கல்ல என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நான் அப்போது, 'யோசிச்சுச் சொல்றனுங்க அப்பாரு' என்று மட்டும் சொன்னேன். ஜூலையில் சென்னையில் வேலை. பிஜி ரூமில் மூன்று பேர், ஒரு பீரோ. அங்கே கொண்டுபோக முடியாது. சாளையில் விட்டால் பொறுப்பு என் பெயரில், பொருள் 400 கிலோமீட்டர் தள்ளி. ஒரு தப்பு நடந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். பாதுகாப்புப் பயிற்சி, மெடிக்கல், போலீஸ் விசாரணை எல்லாம் முடிக்கணும். எதுக்கு இவ்வளவு என்று ஃப்ரெண்ட்ஸ் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு மாசம் என்னிடம் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்து இரண்டு தடவை போன் பண்ணி, மழை வந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் வேண்டாம் என்றால் அது கடைக்குப் போகும். தோட்டா கிடைக்காத துப்பாக்கியை எவன் வாங்குவான்? அங்கே ஒரு மூலையில் துருப்பிடித்து, அந்தத் தொட்டில் ஒருநாள் எழும்பாமல் நின்றுவிடும்.

போன வாரம் ஊருக்குப் போய்ச் சரி என்று சொன்னேன். அப்பாரு ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய் டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினோம். பெயர், முகவரி, வழக்கு ஏதும் உண்டா, எல்லாம் சரியாகப் போனது. எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தற்காப்பு என்று எழுதினால் பொய். எனக்கு இருக்கிற ஒரே எதிரி அரியர்தான். பயிர்ப் பாதுகாப்பு? மக்காச்சோளத்தில் பன்றி வருவது நிஜம், போன போகத்தில் பாதி போய்விட்டது. ஆனால் 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்த நடைமுறைப்படியும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறைதான் சுடலாம், நாங்கள் கூடாது. அதுவும் எங்கள் தோட்டம் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. விளையாட்டு என்று எழுதலாமா என்றால் எந்தப் போட்டியில் இதை வைத்துச் சுடுவது, எந்தத் தோட்டாவை வைத்து?

'என்னங்க அப்பாரு எழுதறது?' என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'எண்ணெ போடறதுக்குன்னு எழுது' என்றார்.

அப்பா உள்ளேயிருந்து வந்து பேனாவை வாங்கி, 'தாத்தாவின் உடைமை, வாரிசு முறையில்' என்று எழுதிவிட்டுப் போனார். மெடிக்கல் சர்டிஃபிகேட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை போகணும்.