எது சுலபம், எது கஷ்டம்?

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கோல்ஃப் மாதிரிதான். ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. மட்டை கிடையாது, கைதான். எவ்வளவு குறைவான வீச்சுகளில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதுதான் கணக்கு. 1975-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென்று ஒரு நிரந்தரக் களத்தை அமைத்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

இதில் சுலபமான களம் எது, கஷ்டமான களம் எது? வெட்டவெளி, சமதரை, குறைந்த தூரம் என்றால் சுலபம். நடுவில் மரங்கள், சரிவு, குளம் என்று வந்துவிட்டால் கஷ்டம். தண்ணீரில் தட்டு விழுந்தால் ஒரு வீச்சு தண்டனை வேறு! ஆனால் பல களங்களில் ஒரே கூடைக்கு இரண்டு மூன்று இடங்களிலிருந்து வீசலாம். கற்றுக்கொள்பவருக்கு சிவப்பு, தேர்ந்தவருக்குத் தங்க நிறம் என்று வீசும் இடத்துக்கு வண்ணம் வைத்திருப்பார்கள். அதாவது கஷ்டம் என்பது களத்தில் மட்டும் இல்லை, எங்கே நின்று வீசுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே ஜவ்வாது மலைக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. அங்கே யாரும் தட்டு வீசப் போவதில்லை, நடக்கத்தான் போகிறார்கள்.

முதலில் சுலபமான பாதை. ஜமுனாமரத்தூர் பக்கத்தில் இருக்கும் பீமன் நீர்வீழ்ச்சி. போளூரிலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸிலேயே ஜமுனாமரத்தூர் வந்துவிடலாம். அருவிக்கு அதிகம் நடக்க வேண்டாம், குடும்பத்தோடு போகலாம். சிவப்பு நிறம் கொடுத்துவிடலாம். ஆனால் சுலபம் என்று நினைக்கும் இடத்தில்தான் கவனம் குறையும். ஈரப்பாறைக்கு வந்திருப்பது அனுபவசாலியா புதுசா என்றெல்லாம் தெரியாது.

அடுத்தது கஷ்டமான பாதை. ஜவ்வாது மலையை அடுத்து, கலசபாக்கம் பக்கத்தில் உள்ள பர்வதமலை. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனசுவாமி கோயில். தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். தென்மாதிமங்கலம் பக்கம் முதலில் படிகள் இருக்கும். 'அட, இவ்வளவுதானா' என்று நினைக்கும்போது படி முடிந்து கரடுமுரடான கற்கள் ஆரம்பிக்கும். மேலே போனால் செங்குத்துப் பாறையில் அடித்து வைத்த இரும்புக் கடப்பாறைகளும் சங்கிலியும். பௌர்ணமிக்கு எழுபது வயதுப் பாட்டியும் ஏறுகிறார், ஜிம்முக்குப் போகும் வாலிபரும் பாதியில் உட்கார்ந்து விடுகிறார்.

எது கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அதில் வரும் நவிரமலைதான் பர்வதமலை என்று பலரும் கருதுகிறார்கள். பெருங்கௌசிகனார் வெறுமனே திசை காட்டிவிட்டுப் போகவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் எங்கே பறந்து வரும், பாறை எங்கே வழுக்கும், எப்போது நடக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்ததும் அதே வேலைதான்.

சரி, இரண்டு பாதையும் பார்த்தாயிற்று. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. போகிறவர் தானே விரும்பிப் போகிறார். மழை வந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், கால் வலித்தால் திரும்பிவிடலாம்.

மூன்றாவதாக ஒரு பாதை இருக்கிறது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. அங்கே அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது சரியான சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கிருந்து குழந்தையின் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தப் பாதைக்கு என்ன நிறம் கொடுப்பது? மலையேறப் போகிறவர் பார்த்தால் ஒருவேளை 'நடுத்தரம்' என்று எழுதுவார். தண்ணீர் பாட்டிலும் நல்ல ஷூவும் காலை வெயிலும் இருந்தால் அது அழகான பாதையாகக்கூடத் தெரியும். அதே தூரம், அதே கற்கள். பாம்பு கடித்த குழந்தையோடு இறங்குபவருக்கு அது வேறு பாதை. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, திரும்பிப் போகவும் முடியாது.

விளையாட்டில் களம் கஷ்டமாக இருந்தால்தான் சுவாரசியம். மரத்தை நடுவே விட்டு வைப்பதும், கூடையைச் சரிவில் நடுவதும் அதற்காகத்தான். பர்வதமலையில் படி போட்டு ஏற்றிவிட்டால் பாதிப் பேருக்கு ஏறிய திருப்தியே இருக்காது. அந்தக் கஷ்டம் இருக்கட்டும், அது ஆசைப்பட்டு வாங்கிய கஷ்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் போகிற வழி அப்படி இருக்கக் கூடாது. அது எல்லோருக்கும் சிவப்பு நிறமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் 'ரோடு சரியில்லை, செம த்ரில்' என்று சொல்வதற்கு முன்னால், அந்த ரோட்டில் தினமும் போய் வருகிறவர்கள் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.